வென்றவரா, கடைசியில் வந்தவரா: உடற்கல்வி ஆசிரியரின் பின்னணியும் வன்னி மைதானமும்

இரணைமடு வாசி (கிளிநொச்சி), இழையைத் தொடங்கியவர்

தரம் 8 இற்குரிய கரப்பந்தாட்டப் பாடம் எல்லாப் பாடசாலைக்கும் ஒன்றுதான். ஆசிரியர் வழிகாட்டியும் ஒன்றுதான். ஆனால் கிளிநொச்சியிலும் அதைச் சூழவுள்ள கிராமங்களிலும் நான் பார்த்த அளவில், அது மூன்று பாடசாலைகளில் மூன்று பாடமாக நடக்கிறது. ஓர் ஆசிரியர் மாணவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, ஏற்கெனவே விளையாடத் தெரிந்த பன்னிரண்டு பேரைத் தெரிந்து வலையின் இருபுறமும் நிறுத்திவிடுகிறார். மிகுதிப் பிள்ளைகள் வேப்பமர நிழலில் இருந்து பார்க்கிறார்கள். இன்னொருவர் வகுப்பறையை விட்டு வெளியே வருவதேயில்லை. கரும்பலகையில் ஆடுகளத்தை வரைந்து, நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர் என்று எழுதிக்கொடுத்து மனனம் செய்யச் சொல்கிறார். மூன்றாமவர் வலையைக் கட்டாமலே பிள்ளைகளை இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்தி, பந்து நிலத்தில் விழாமல் எத்தனை தடவை பரிமாறினார்கள் என்று அவர்களையே எண்ண வைக்கிறார்.

இதைப் பலரும் "அவர் கெட்டிக்காரர், இவர் பஞ்சிக்காரர்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. முதலாமவர் மாகாண மட்டம் வரை விளையாடியவர். இரண்டாமவர் வேறொரு பாடத்திற்கு நியமனம் பெற்று வந்து, நேரசூசியில் ஆள் இல்லாததால் உடற்கல்வியையும் பொறுப்பேற்றவர். மூன்றாமவர் போர்க்காலத்தில் தொண்டர் ஆசிரியராக ஆரம்பப் பிரிவில் கற்பித்து, நீண்ட காத்திருப்பின் பின்னர் நிரந்தர நியமனம் கிடைத்தவர். சிறு பிள்ளைகளைச் சும்மா இருக்க விட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் நன்றாக அறிவார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆசிரியராக வருபவர், தாம் மாணவராக இருந்து ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பல்லாயிரம் மணித்தியாலங்களிலேயே கற்பித்தலைப் பழகிக்கொண்டுவிடுகிறார் என்பதும், பின்னர் பெறும் பயிற்சி அந்தப் பழக்கத்தை அசைக்கப் பெரிதும் சிரமப்படுகிறது என்பதுமே அதன் சாரம். 1983 இல் ஹால் லோசன் இதனை உடற்கல்விக்குக் கொண்டுவந்து, பயிற்சிக்கு முந்திய வாழ்க்கை, பயிற்சிக் காலம், பணிபுரியும் பாடசாலை ஆகிய மூன்றும் ஓர் உடற்கல்வி ஆசிரியரை எவ்வாறு உருவாக்குகின்றன என்று விளக்கினார். இத்துறைக்கு வருவோரில் ஒரு சாரார் உண்மையில் அணியைப் பயிற்றுவிக்கவே வருகிறார்கள் என்பதும், வகுப்பில் கற்பிப்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம் என்பதும் அந்த வழிவந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் செய்தி.

அவையெல்லாம் பாடசாலை ஒழுங்காக நடந்த நாடுகளை வைத்துச் சொல்லப்பட்டவை. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தும், 1996 இல் கிளிநொச்சியிலிருந்து எழும்பியும், 2009 இல் எல்லாவற்றையும் விட்டும் ஓடிய பிள்ளைகளே இன்று இங்கு ஆசிரியர்களாக நிற்கிறார்கள். அவர்கள் எந்த உடற்கல்விப் பாடத்தைப் பார்த்துப் பழகினார்கள்? இதைப்பற்றி அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டும்.

பழைய அஞ்சலோட்டக்காரன் (முல்லைத்தீவு)

ஐயா, விளையாட்டு வீரராக இருந்து ஆசிரியரானவர்களை முதற் பந்தியிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் மறுப்பை எழுதுகிறேன்.

ஓடியவனுக்கு ஓட்டம் தெரியும். ஒரு பிள்ளை ஓடும்போது தோள்கள் காதை நோக்கி எழும்புவதையும், கைகள் மார்பின் குறுக்கே வீசுவதையும், குதி முதலில் நிலத்தில் படுவதையும் நான் ஒரே பார்வையில் காண்கிறேன். "கையை இடுப்பிலிருந்து தாடை வரை நேராக வீசு" என்று ஒரு வசனம் சொன்னால் அந்தப் பிள்ளை அன்றைக்கே வித்தியாசமாக ஓடும். அஞ்சலோட்டத்தில் கோலை வாங்குபவர் எப்போது புறப்பட வேண்டும் என்பதற்கு நிலத்தில் ஓர் அடையாளம் இடுவோம். கோலைக் கொண்டுவருபவர் அந்த அடையாளத்தைத் தொடும்போது மற்றவர் பின்னால் பார்க்காமல் புறப்பட வேண்டும். அடையாளம் ஒரு பாதம் முன்பின்னாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர் எப்படித் திருத்துவார்?

ஒரு துறையை உள்ளிருந்து அறிந்த பயிற்றுநர்கள் ஒரு பாடசாலையில் தொடர்ந்து இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி கண்முன்னே இருக்கிறது. கோலூன்றிப் பாய்தல் செலவும் ஆபத்தும் மிகுந்த நிகழ்ச்சி. அப்படியிருந்தும் அங்கிருந்து ஜெகதீஸ்வரன் அனித்தா பெண்களுக்கான தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தார். கடதாசிச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரால் கோலை எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க முடியாது. 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் பிற்காலத்தில் கல்வித்துறையிலேயே பணிபுரிந்தார் என்பதையும் நினைவூட்டுகிறேன். வென்றவர்களுக்குக் கற்பிக்க வராது என்பது ஒரு சமாதானப் பேச்சு.

பாரதிபுரம் ரீச்சர் (கிளிநொச்சி)

அஞ்சலோட்டக்கார அண்ணா சொல்வது முழுவதும் உண்மை. ஆனால் அவர் சொன்ன பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே ஓட விரும்பி மைதானத்திற்கு வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான் பாடசாலைக் காலத்தில் எந்த அணியிலும் இருந்ததில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் என்னுடைய வேலை, எங்கள் இல்லத்தின் கூடாரத்திற்கு நிறக் கடதாசி ஒட்டுவது. எங்கள் குடும்பம் 1977 கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து இங்கு காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று. பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விட்டால், தம்பிமாரைப் பார்த்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வருவேன். அந்தப் பின்னணி எனக்குக் கற்றுத்தந்ததை எந்தப் பயிற்சியும் கற்றுத்தரவில்லை. காலை முதற் பாடவேளை உடற்கல்வியாக இருந்தால் நான் ஓட்டத்தோடு தொடங்குவதில்லை. யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்பது வரிசையில் நிற்கும் விதத்திலேயே தெரியும். உதடு காய்ந்திருக்கும், ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கும். அந்தப் பிள்ளையைக் காலை வெயிலில் இரண்டு சுற்று ஓடவைத்தால் மயங்கி விழும். விழுந்த பின்னர் "உடம்பில் தெம்பில்லை" என்று பெயர் வைத்துவிடுவோம், அந்தப் பெயர் சாதாரண தரம் வரை கூடவே வரும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை "ரீச்சர், வயிற்று வலி" என்று சொல்லி ஒதுங்கினால், ஆண் ஆசிரியர் ஒன்றில் கேட்காமல் விட்டுவிடுவார், அல்லது சாட்டுச் சொல்வதாக எண்ணுவார். மூன்றாவது தடவையும் அதே பிள்ளை ஒதுங்கினால் அது வலியும் அல்ல, சாட்டும் அல்ல. வெள்ளைச் சட்டையோடு ஆண் பிள்ளைகளுக்கு முன்னால் குதிப்பதில் உள்ள கூச்சம். எங்கள் பாடசாலையில் நான் முதலில் செய்த வேலை, உடற்கல்வி உள்ள நாட்களில் பெண் பிள்ளைகள் காற்சட்டையும் ரீசேட்டும் அணிந்தே வீட்டிலிருந்து வரலாம் என்று அதிபரிடம் எழுத்தில் அனுமதி பெற்றதுதான். உடை மாற்ற அறை இல்லாத பாடசாலையில் வேறு வழியில்லை. அதன் பிறகு வயிற்று வலி பெருமளவு குறைந்துவிட்டது.

எனக்குக் கரப்பந்து அடிக்க வராது என்பது உண்மைதான். ஆகவே நன்றாக ஆடும் ஒரு மாணவியை அழைத்துச் செய்து காட்டச் சொல்கிறேன். அவளுடைய முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது, கைகள் எங்கே இணைகின்றன என்று வகுப்பைக் கேட்கிறேன். பந்தைக் கயிற்றில் கட்டி வேப்பங்கொப்பில் இடுப்பளவு உயரத்தில் தொங்கவிட்டால், பயந்த பிள்ளையும் முன்கையால் தட்டிப் பழகும். பந்து முகத்திற்கு வராது என்பது தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும்.

தறப்பாள் பள்ளி மாணவன் (புதுக்குடியிருப்பு)

இரணைமடு வாசி சேர் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் எழுதக்கூடியவர்களில் நானும் ஒருவன். 2009 இல் நான் ஆரம்பப் பிரிவு மாணவன். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலில் படித்தோம். உடற்கல்வி என்று ஒரு பாடம் நேரசூசியில் இருப்பதையே மீளக்குடியமர்ந்த பின்னர்தான் அறிந்தேன். இன்று அந்தப் பாடத்தைக் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறேன்.

லோர்ட்டி சொன்னதாக நீங்கள் எழுதியதை வாசித்தபோது ஒரு விடயம் உறைத்தது. உடற்கல்விப் பாடத்தைப் பார்த்துப் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்றாலும், வேறு பலவற்றைப் பார்த்துப் பழகியிருக்கிறேன், அவையே மைதானத்தில் என்னோடு நிற்கின்றன. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது எல்லை. மீளக்குடியமர்ந்த காலத்தில் கண்ணிவெடி உண்டு என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளுக்கு இடையில்தான் பாடசாலைக்கு நடந்தோம். துப்புரவு செய்த பாதையை விட்டு இறங்கக்கூடாது என்று வீட்டிலும் சொன்னார்கள், பாடசாலையிலும் சொன்னார்கள். இப்போது எங்கள் மைதானம் துப்புரவு செய்யப்பட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் பந்து பற்றைக்குள் போனால் என் வாயிலிருந்து முதலில் வருவது "நில்" என்ற சொல்தான். என் வகுப்பில் விளையாட்டு எப்போதும் மைதானத்தின் நடுப்பகுதியில் நடக்கிறது என்றும், உதைபந்தில் பிள்ளைகள் ஓரத்துக்கு விரிந்து ஆடப் பழகவில்லை என்றும் ஒரு சக ஆசிரியர் சுட்டிக்காட்டினார். அது உத்திக் குறைபாடு அல்ல, நான் கீறிக்கொடுக்கும் எல்லை சிறியது. இப்போது கோடுகளை அகலமாகக் கீறுகிறேன், பந்து பற்றைக்குள் போனால் நானே போய் எடுக்கிறேன்.

இரண்டாவது வரிசை. முகாமில் தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டிற்கு வரிசை, பதிவுக்கு வரிசை. ஒரு பந்தை வைத்து நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக வந்து எறிந்துவிட்டுப் பின்னால் போய் நிற்கும் பாடத்தை என்னால் நடத்த முடியவில்லை, உடம்பு ஒப்பவில்லை. பயிற்சிக் காலத்தில் என்னை மேற்பார்வை செய்தவர் "ஏன் வகுப்பு ஒழுங்காக நிற்கவில்லை?" என்று கேட்டார். காரணத்தைச் சொல்லவில்லை, கணக்கைச் சொன்னேன்: 40 நிமிடப் பாடவேளை, 40 பிள்ளைகள், ஒரு பந்து, போய்வரும் நேரத்தைக் கழித்தால் ஒரு பிள்ளையின் கையில் பந்து ஒரு நிமிடம்கூட இருக்காது. பழைய துணியை இறுக்கிச் சுற்றி, சைக்கிள் ரியூப்பை வெட்டி மேலே மாட்டினால் எறிந்து பிடிக்கும் பந்து தயார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பந்து கொண்டுவந்தால் வரிசைக்கு வேலையில்லை.

பழைய அஞ்சலோட்டக்காரன் (முல்லைத்தீவு)

தம்பி எழுதியதற்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் துணிப்பந்தை எறிந்து பழகிய பிள்ளைக்கு வலயமட்டப் போட்டியில் உண்மையான வலைப்பந்தைக் கொடுத்தால் அதன் பாரம் கைக்குப் பிடிபடாது. எங்கோ ஓரிடத்தில் உண்மையான பந்துக்கும் உண்மையான தூரத்துக்கும் வந்துதான் ஆக வேண்டும்.

இரு பிள்ளைகளின் தகப்பன் (விசுவமடு)

நான் ஆசிரியன் அல்லன்; இதை ஒரு பெற்றாராக எழுதுகிறேன். என் மூத்த மகன் சற்றுப் பருத்த உடம்பு. அவனுக்கு இரு ஆசிரியர்கள் உடற்கல்வி கற்பித்தார்கள். முதலாமவர் பிந்தி வந்தவர்களையும் வீட்டுவேலை செய்யாதவர்களையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். கணித ஆசிரியர்கூடத் தண்டனைக்கு அவரிடமே அனுப்புவார். பிள்ளைகளுக்கு ஓட்டம் என்றால் தண்டனை என்று பதிந்துவிட்டது. அவர் கெட்டவர் அல்லர். தானும் அப்படித்தான் வளர்ந்ததாகவும், அடித்து ஓடவைத்ததால்தான் ஆளானதாகவும் பெற்றார் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். அடுத்து வந்த ஆசிரியர் என் மகனைக் குண்டு போடுதலுக்கு அழைத்தார். அவனுடைய உடம்பு ஒரு விளையாட்டுக்கு உதவும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

எனக்கு ஒரே ஒரு ஐயம். தரம் 10, 11 இல் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் எடுத்துவிடுகிறார்களே, அப்போது ஆசிரியர் எந்தப் பின்னணியில் வந்தால் என்ன?

ஓய்வுபெற்ற ஆலோசகர் (வவுனியா)

விசுவமடு நண்பரின் ஐயம் முக்கியமானது. இந்த இழை அந்த இடத்திற்கு வருமா என்று காத்திருந்தேன்.

ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலைகளுக்குப் போன காலத்தில் நான் கண்டது, பின்னணிகள் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் சில ஆண்டுகளில் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள் என்பதே. கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையில் பயிற்சியாகச் செய்துவிட்டு வரும் இளைஞர் பாடத் திட்டத்தோடும் உபகரணங்களோடும் வருகிறார். சனவரியில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஆயத்தம் தொடங்குகிறது. பாதை கீறுதல், இல்லங்களைப் பிரித்தல், அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, விருந்தினர் மேடை, எல்லாம் அவருடைய தலையில். அது முடிந்தால் கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம். பரிசளிப்பு விழாவில் அதிபர் வாசிக்கும் அறிக்கையில் எத்தனை பதக்கம் என்பது வரும். தரம் 7 இல் எத்தனை பிள்ளைகள் பந்தைப் பிடிக்கப் பழகினார்கள் என்பது வராது. ஆகவே ஓட்டக்காரராக வந்தவரும் நிறக் கடதாசி ஒட்டியவராக வந்தவரும் பதக்கம் தரக்கூடிய பத்துப் பிள்ளைகளைத் தேடத் தொடங்குகிறார்கள். லோசன் சொன்ன மூன்றாம் கட்டம் இதுதான், மற்ற இரண்டையும் விழுங்கக்கூடியதும் இதுதான் என்பது என் துணிபு.

ஆனால் ஒரு சிலர் கரைவதில்லை. அவர்களிடம் நான் கண்ட பொதுத்தன்மை பதக்கம் வென்றதும் அல்ல, வெல்லாததும் அல்ல. தாங்கள் மாணவராக இருந்தபோது மைதானத்தில் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதை மறக்காதவர்கள் அவர்கள். பாரதிபுரம் ரீச்சர் கூடாரத்தை மறக்கவில்லை. தம்பி வரிசையை மறக்கவில்லை. அஞ்சலோட்டக்காரரும் மறக்காதவர்தான்: அவருக்குக் கோல் கைமாறும் அந்த ஒரு பாத தூரம் இன்றும் கண்ணில் நிற்கிறது. மறந்தவர்தான் வழிகாட்டி நூலிலுள்ள பாடத்தைச் சுற்றோட்டமாகச் சுருக்கிவிடுகிறார்.

ஒரு நடைமுறை யோசனையும் உண்டு. 1982 இல் இங்கிலாந்தின் லவ்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ரொட் தோர்ப் இருவரும், திறன்களை ஒவ்வொன்றாகப் பழக்கிய பின்னர் விளையாட்டுக்குப் போகும் வழக்கத்தைத் திருப்பிப்போட்டார்கள். முதலில் எளிதாக்கிய விளையாட்டை ஆடவிடுங்கள், எங்கே போவது, எப்போது போவது என்று பிள்ளை யோசிக்கட்டும், தேவை தெரிந்த பின் திறனைக் கொடுங்கள் என்றார்கள். இதைக் கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஊர் விளையாட்டான கிளித்தட்டுதான். குறுக்குக் கோடுகளில் காவல் நிற்பவர்களையும், நடுக்கோட்டில் ஓடித்திரியும் கிளியையும் ஏமாற்றித் தட்டுத் தட்டாகக் கடந்து திரும்பி வர வேண்டும். வேகமாக ஓடுபவன் முதலாவது தட்டிலேயே அகப்பட்டுக்கொள்வான். மெல்ல நடக்கும் பிள்ளை, கிளி மறுபக்கம் திரும்பும் கணத்தைப் பார்த்திருந்து நழுவிப் போய்விடும். போக்குக் காட்டுதல், வெற்றிடம் தேடுதல், கூட்டாளியின் பக்கம் காவலை இழுத்துவிடுதல், இவையெல்லாம் வலைப்பந்துக்கும் உதைபந்துக்கும் வேண்டியவை. பந்து வாங்கக் காசும் தேவையில்லை. அணியில் விளையாடாத ஆசிரியரும் சிறுவயதில் முற்றத்தில் கிளித்தட்டு மறித்திருப்பார். அந்த வகையில் பின்னணியே இல்லாத ஆசிரியர் என்று எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

நேரசூசி போடுபவர் (மாங்குளம்)

பிரதி அதிபராக இருப்பதால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். ஆலோசகர் ஐயா, பாடசாலைதான் ஆசிரியர்களைக் கெடுக்கிறது என்ற தொனி எனக்குப் பிடிக்கவில்லை. மைதானத்தில் மாடு மேய்கிறது. கார்த்திகை, மார்கழியில் முழங்காலளவு வெள்ளம். சுற்றுமதில் இல்லை. உடற்கல்விக்கு நியமனம் பெற்று வந்தவர் இரண்டாம் வருடமே இடமாற்றத்திற்கு விண்ணப்பிக்கிறார், ஏனென்றால் அவருடைய வீடு யாழ்ப்பாணத்தில். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய மனம் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கிறது. எங்கிருந்து வந்தார் என்பதைப் பேசுகிறீர்களே, எப்போது திரும்பிப் போகிறார் என்பதும் பின்னணிதான். பதக்கத்தைக் கேட்பது அதிபரின் பேராசை அல்ல; பாடசாலையின் பெயரைப் பத்திரிகையில் வரச்செய்து வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களிடமிருந்து ஒரு வலையும் நான்கு பந்தும் வாங்குவதற்கு எங்களுக்கு உள்ள ஒரே வழி அது.

பாடவேளையைக் கணிதத்திற்குக் கொடுப்பதும் உண்மை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் மேலே படிக்கப் போகும் பாதை சுருங்கிப் போகிறது. பெற்றாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

இரணைமடு வாசி (கிளிநொச்சி)

மாங்குளம் ஐயா சொன்ன நெருக்கடிகளை மறுக்க முடியாது. ஆயினும் அதே மாட்டோடும் அதே வெள்ளத்தோடும் சிலர் எல்லாப் பிள்ளைகளையும் அசையவைக்கிறார்கள், சிலர் பன்னிரண்டு பேரோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் நான் தொடங்கிய புள்ளி. மைதானம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும்போது, வேறுபாட்டுக்கு மைதானத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. இடமாற்றம் பற்றிச் சொன்னது மட்டும் என் கணக்கில் இல்லாத புதிய விடயம். ஓர் ஊரில் தங்க எண்ணாதவர் அணியை உருவாக்குவார், ஏனென்றால் அதன் பலன் ஒரே வருடத்தில் தெரியும். தரம் 6 இல் வந்த பிள்ளையைத் தரம் 9 வரை வளர்க்கும் வேலையில் இறங்கமாட்டார்.

கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வி பயில வருவோரிடம் முதல் வாரமே, தாங்கள் மாணவராக இருந்தபோது உடற்கல்விப் பாடவேளையில் என்ன செய்தார்கள், எங்கே நின்றார்கள், யாரைப் பார்த்துப் பயந்தார்கள் என்று எழுதச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதை வாசித்து மதிப்பெண் போட வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டுப் பயிற்சியில் அவர் நடத்தும் பாடத்தையும் அந்தத் தாளையும் அருகருகே வைத்து, எதைத் தெரிந்து செய்கிறார், எதைத் தெரியாமலே திருப்பிச் செய்கிறார் என்று விரிவுரையாளர் அவரோடு இருந்து பேசினால் போதும். போரில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களிடம் இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது; எழுத விரும்பாதவர் வாயால் சொல்லட்டும், சொல்லவும் விரும்பாதவரை விட்டுவிட வேண்டும்.

அஞ்சலோட்டக்காரருக்கும் பாரதிபுரம் ரீச்சருக்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் ஒரே பாடசாலையில் இருவரையும் போடுவதென்றால், தரம் 6 ஐயும் 7 ஐயும் ரீச்சரிடமும், மாலை நேரப் பயிற்சியை அண்ணரிடமும் கொடுப்பேன். எதிர்மாறாகக் கொடுப்பதுதான் இன்று வழமையாக நடக்கிறது.

நேரசூசி போடுபவர் (மாங்குளம்)

கிளித்தட்டைப் பற்றி ஆலோசகர் ஐயா எழுதியதை எங்கள் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் கேட்கும் கேள்வி: நாற்பது பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது, புள்ளி எப்படி இடுவது?

தறப்பாள் பள்ளி மாணவன் (புதுக்குடியிருப்பு)

இதை நான் நடத்தி வருவதால் எழுதுகிறேன், சேர். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் வைத்து மூன்று கிளித்தட்டுக் களங்கள் கீறினால் 36 பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். மிகுதி நான்கு பேரில் மூவர் ஆளுக்கொரு களத்தில் நடுவர், ஒருவர் நேரம் பார்ப்பவர். ஐந்து நிமிடத்திற்கொரு முறை அவர்கள் உள்ளே போக வேறு நால்வர் வெளியே வருவார்கள். கோடு கீறச் சுண்ணாம்பு தேவையில்லை, அடுப்புச் சாம்பல் போதும். மழைக்காலத்தில் விறாந்தையில் கரித்துண்டால் கீறி இரண்டு களம் மட்டும் வைக்கலாம்.

புள்ளியை வென்ற பக்கத்திற்குக் கொடுக்க வேண்டாம். நான் ஒரு பாடவேளையில் ஒரு களத்தை மட்டும் உற்றுப் பார்ப்பேன். ஒரு பக்கம் போவதுபோலக் காட்டி மறுபக்கம் போகிறதா, கிளி தன்னைக் கடந்து போகும் வரை பொறுத்து நிற்கிறதா, அகப்படப்போகும் கூட்டாளிக்குக் குரல் கொடுக்கிறதா என்ற மூன்றையும் இடாப்பில் பெயருக்கு நேரே குறிப்பேன். ஓட்ட வேகத்துக்குப் புள்ளி இல்லை என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வேகமாக ஓடுபவர்கள்தான் கிளியாக நிற்கக் கேட்பார்கள், மற்றவர்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். கிளியாக நிற்பது யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தெரிவது நல்லது. குறிப்பு இடும் தாளின் படத்தை இந்த வார இறுதியில் இங்கு இணைக்கிறேன். உங்கள் ஆசிரியர் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.